எதிரணிக்கு இரண்டு புள்ளி

உப்பு விளைவதும் கபடி விளையாடுவதும் தவிர வேறு விளைச்சல் அறியாத முள்ளிப்பாட்டில், மாவட்ட இறுதியாட்டத்தை ஒரு புள்ளியில் தோற்றுவிட்டு வந்த மறுநாள் மாலை நாலரை மணிக்கு, பயிற்சியாளர் கொம்பையா தன் அணியின் முதல் ரெய்டர் எஸ்தாக்கியைப் பார்த்து ஒரு சொல் சொன்னார், எஸ்தாக்கி செத்துப்போனான்.

பதற வேண்டியதில்லை, ஊரும் பதறவில்லை. கபடியில் அவுட் ஆனவனை முள்ளிப்பாட்டில் யாரும் அவுட் என்று சொல்வதில்லை, செத்தவன் என்றுதான் சொல்வார்கள். எதிரணியில் ஒருவன் விழுந்தால் நம் பக்கம் முதலில் செத்தவனுக்கு உசிர் வரும், அவன் எழுந்து களத்துக்குள் போவான். நேற்று ஒரே ஆட்டத்தில் ஆறு தடவை செத்தேன் என்று ஒருவன் டீக்கடையில் சொன்னால், ஆறா ஏழா என்று சண்டை வருமே தவிர யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளமாட்டார்கள். செத்தவர்கள் உட்காருவதற்கென்று கோட்டுக்கு வெளியே ஒரு நீளப் பலகை கிடந்தது. அதற்குச் செத்தவன் பெஞ்சு என்றே பெயர். உப்பளத்து முதலாளி தங்கப்பழம் தன் பெயரை அதில் அன்பளிப்பு என்று எழுதி வைத்திருந்ததால், 'தங்கப்பழம் அன்பளிப்பு' என்ற எழுத்துகளின் மேல்தான் ஊரின் செத்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து எழுந்தார்கள்.

கொம்பையாவை ஊரில் கோச்சார் என்பார்கள். கோச்சும் சாரும் எழுத்து எதுவும் கெடாமல் இயல்பாகப் புணர்ந்த சொல் அது. ஆனால் கோபித்தார் என்பதை அந்தப் பக்கத்தில் வேகமாகச் சொன்னாலும் அதுவேதான் வரும் என்றும், ஒரே சொல் ஒரே ஆளுக்கு இரண்டு வழியாகவும் பொருந்துவது மொழியில் அபூர்வம் என்றும், நடுவர் திரவியம் வாத்தியார் சொல்வதுண்டு. அவருக்குச் சொல்ல உரிமை இருந்தது. ஒரு தப்பான தீர்ப்புக்காக அவரை நாற்காலியோடு தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தவர் கொம்பையா. டாஸ் போட்ட காசைக் கடலுக்குள் எறிந்தவர், விசிலைக் கடித்து இரண்டாக்கித் துப்பியவர், முதலாளியின் ஷாமியானாவைக் கயிறு அறுத்து முதலாளி தலைமேலேயே இறக்கியவர். ஒவ்வொரு தடவையும் முதலாளி அவரை நீக்குவார். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஆட்டத்தில் அணி தோற்கும். மறுநாள் அளத்து ஜீப் கொம்பையா வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கும்.

இறுதியாட்டத்தில் நடந்தது இது. இன்னும் அரை நிமிஷம், ஒரு புள்ளி முன்னிலை, கடைசியாக எதிரணிப் பாதிக்குள் பாடிப் போகும் முறை நம்முடையது. கொம்பையா எஸ்தாக்கியின் பிடரியைப் பிடித்துக் காதுக்குள் சொன்னார்: "ஏலே, வீரம் காட்டாத. குறுக்குக்கோட்டத் தொட்டுட்டுத் திரும்பி வா. அம்புட்டுதான்." எஸ்தாக்கியும் அப்படியே போனான், தொட்டால்தான் பாடிப் போனது செல்லும் என்கிற அந்தக் கோட்டைத் தொட்டான், திரும்ப எத்தனித்தான், அப்போது ஷாமியானாவுக்குள்ளிருந்து தங்கப்பழம் சோடா பாட்டிலை உயர்த்தி, "எஸ்தாக்கி! உள்ள போய் ஒண்ணு எடுலே! விருந்தாளி பாக்காவ!" என்று கத்தினார். காலையில் எவர் அளத்தில் உப்பு வாருகிறோமோ அவர் குரல் மாலையிலும் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்கும். எஸ்தாக்கி உள்ளே போனான். மூன்றே பேர் மிஞ்சியிருந்த எதிரணி அவனைக் கவ்விப் பிடித்தது. மூன்று பேராய் நின்று பிடித்தால் இரண்டு புள்ளி என்பது சட்டம்.

மறுநாள் மைதானத்தில் எஸ்தாக்கி தலையைச் சொறிந்துகொண்டு, "மொதலாளி சொன்னாவ கோச்சார். அவிய சொல்ல எப்படித் தட்ட?" என்றான்.

"அப்ப எனக்கு நீ செத்தவன்லே!" என்று கொம்பையா அலறினார். "போ! போய் பெஞ்சுல உக்காரு!"

அவன் போய் உட்கார்ந்தான். பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்த பிறகும் உட்கார்ந்திருந்தான். அணியில் கூட ஆடும் லிங்கதுரை அவன் தோளைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். உப்பு அம்பாரத்துக்குள் கையை விட்டால் இருக்கும் அந்தக் குளிர். மூக்கின் கீழ் கைவைத்துப் பார்த்தார்கள். மூச்சு இல்லை. ஆனால் கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பினான், எழுந்து நடந்தான், பேசச் சொன்னால் உதடு அசைந்தது. சொல்லைத் தள்ளிக்கொண்டு வரக் காற்று இல்லாததால் சொல் வரவில்லை. லிங்கதுரைக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகக் கொம்பையா அவனையும் பெஞ்சுக்கு அனுப்பினார். வியாழக்கிழமைக்குள் நாலு பேர் ஆனார்கள். தன் சொல்தான் கொல்கிறது என்று வியாழக்கிழமைதான் கொம்பையாவுக்கு விளங்கியது. அன்றிலிருந்து அவர் மெல்லப் பேச ஆரம்பித்தார். அது ஊருக்குச் செத்தவர்களைவிடப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், மழை பிந்தினால் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி. ஆஸ்பத்திரி டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, வேறொரு குழாயை எடுத்துவரச் சொல்லி அதிலும் கேட்டுவிட்டு, சீட்டில் ஓய்வு தேவை என்று எழுதினார். ரேஷன் கடை மிஷினில் எஸ்தாக்கியின் விரல் ரேகை விழவில்லை. உயிரோடிருக்கிற பாதிப்பேர் ரேகையும் அதில் விழுவதில்லையாதலால் அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லறைக் கமிட்டி கூடி, நடுவர் நீள விசில் ஊதாதவரை ஆட்டம் முடிந்ததாகாது, ஆட்டம் முடியாதவரை செத்தவனைப் புதைக்க முடியாது என்று தீர்மானம் போட்டது. ஒன்றே ஒன்றுதான் சிரமமாக இருந்தது: செத்தவர்கள் வெளியே போகும் கோட்டைத் தாண்டினார்கள், உள்ளே வரும் கோட்டைத் தாண்டவில்லை. வீட்டு வாசற்படி, கோயில் நிலைப்படி, கடைப் பலகை, எதன் விளிம்பிலும் அவர்கள் கால்விரல் வந்து நின்றுவிடும். வீட்டுக்காரர்கள் வாசலில் கட்டிலைப் போட்டார்கள். போகிற வருகிறவர்கள் அந்தக் கட்டில்களைப் பார்த்து, "என்ன எஸ்தாக்கி, காத்து வாங்குதியோ?" என்று கேட்டுவிட்டு, காற்று என்ற சொல்லுக்காகக் கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொண்டு போனார்கள்.

மகிழ்ந்தவர் தங்கப்பழம் ஒருவரே. சித்திரை வெயில் பாத்தியில் விழுந்து கண்ணைப் பறிக்கும் உச்சிப்பொழுதில், மற்றவர்களெல்லாம் கொட்டகைக்கு ஓடும்போது, செத்தவர்கள் நாலு பேரும் உப்பு வாரிக்கொண்டேயிருந்தார்கள். வியர்க்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. பாத்தியின் வெண்மையில் அவர்கள் நிழல் மட்டும் விழாமல் நாலு பேரும் ஒரே அசைவில் குனிந்து நிமிர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் தெரியும் பிம்பம் கரையேறி நிற்பதுபோலிருக்கும். முதலாளி ஜீப்பை விட்டு இறங்காமல் ஒரு மணிநேரம் பார்த்துவிட்டு, கொம்பையாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"ஓய் கோச்சு, ஒம்ம கோவத்த நான் இத்தன வருசம் தப்பா நெனச்சிட்டேன்" என்றார். "அவனுவ ஒரு கொறை சொல்லுதானுவளா? ஆபீஸ் படியேறி வந்து ஒண்ணு கேக்கானுவளா? ஏற முடியாதுல்லா! இன்னும் ஒரு நாப்பது பேரு இருக்கானுவ. அவனுவளையும் ஒரு சத்தம் போட்டுரும்."

"அவங்க என் டீம்ல இல்ல மொதலாளி. என் வாயி டீமுக்கு வெளிய செல்லாது."

"அப்ப டீம்ல சேத்துக்கிடும்."

கொம்பையாவின் கை மேஜைமேலிருந்த உப்புக்கல் உருண்டையை நோக்கிப் போனது. பழைய கொம்பையாவாக இருந்தால் அது முதலாளியின் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் எங்காவது போயிருக்கும். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "யோசிக்கேன் மொதலாளி" என்றார். யோசிக்கிறேன் என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் யோசித்ததெல்லாம் வேறு. பக்கத்து ஊர் அணியை வலியக் கூப்பிட்டு ஆட்டம் வைத்தார். ஒரு புள்ளிக்கு ஓர் உயிர், முதலில் செத்தவனுக்கு முதலில். எஸ்தாக்கிதான் முன்னால் நிற்கிறான். மிச்சமிருந்தவர்கள் பதினெட்டுப் புள்ளி எடுத்தார்கள். பெஞ்சில் ஒருவனும் அசையவில்லை. திரவியம் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சட்டப்புத்தகத்தைப் புரட்டாமலே சொன்னார்: "எப்படிவே எந்திரிப்பான்? எதிரணி கொன்னா எதிரணிட்ட இருந்து மீக்கலாம். இவனுவளக் கொன்னது நீரு. சொந்தக் கோச்சு கொன்னவன மீக்கதுக்குப் புத்தகத்துல வழி கெடையாது."

எஸ்தாக்கியின் மனைவி ஜெசிந்தாவுக்கு மே மாதக் கடைசியில் பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவதா வேண்டாமா என்று பங்குச்சாமி நெடுநேரம் தயங்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் எழுதினார். வீட்டுக்குள் வர முடியாத எஸ்தாக்கி வாசற்படிக்கு வெளியே கையை நீட்டியபடி நின்றான். மூன்றாம் நாள் ஜெசிந்தா மனசு பொறுக்காமல் பிள்ளையைத் தூக்கிவந்து அந்தக் கைகளில் வைத்தாள். அவன் முகம் மலர்ந்தது. அவன் நெஞ்சோடு ஒட்டிய பிள்ளையின் சிறு வயிறு ஏறியது, இறங்கியது, பிறகு ஏறவில்லை. ஜெசிந்தா பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். படியைத் தாண்டிய பிறகே பிள்ளை வீறிட்டது. வெளியே எஸ்தாக்கி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவிழ்க்கவில்லை, உப்பு வாரும் நேரம் தவிர.

அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கொம்பையா வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க சொல்லு. நீங்களே எடுங்க."

"எடுக்கத் தெரிஞ்சா எடுக்கமாட்டேனாம்மா?"

"ஒரு ஆளப் பாத்து செத்துப்போன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, வான்னு சொல்லத் தெரியலியோ? நீங்க அவரக் கொன்னீங்க; அதுகூடப் பொறுத்துக்கிடுவேன். அவர் எம்பிள்ளயக் கொன்னுட்டா அவரு என்ன செய்வாரு? அத யோசிச்சீங்களா?"

கொம்பையா இரண்டு நாள் எதுவும் சாப்பிடாமல் சட்டப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் திரவியம் வாத்தியார் வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்.

"வாத்தியாரே, லோனா!"

மொத்த அணியும் செத்துவிட்டால் அதற்கு லோனா என்று பெயர். அப்போது மட்டும் யார் கொன்றது, யார் முதலில் செத்தது என்ற விசாரணையே இல்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உயிரோடு எழுந்து களத்துக்கு வந்துவிட வேண்டியது. வாத்தியார் புத்தகத்தை வாங்கி, அந்தப் பத்தியை மூன்று தடவை வாசித்தார். ஒரு காற்புள்ளியின் மேல் வெகுநேரம் விரலை வைத்திருந்தார்.

"சட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா மொத்த அணின்னா சங்கத்துல குடுத்த பட்டியல்ல உள்ள மொத்தப் பேரும். பன்னெண்டு பேரு. நாலு பேரக் கொன்னுட்டீரு. ஏழு பேரு பயலுவ. பன்னெண்டாவது யாருன்னு தெரியும்லா?"

தெரியும். போன வருஷம் பத்திரிகைப் போட்டோவில் அணியோடு பனியன் போட்டு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பன்னிரண்டாம் எண்ணில் மாற்று ஆட்டக்காரராகத் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவர் தங்கப்பழம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மைதானத்தில் ஊர் கூடியது. நாற்பது பேரைச் சேர்க்கும் காரியம் என்று நம்பி முதலாளி பனியன் போட்டு, தொந்தியின் மேல் பன்னிரண்டு என்ற எண் அகலமாய் விரிந்திருக்க வந்து நின்றார். கொம்பையா ஏழு பேரையும் ஓரமாய்க் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார், ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கடைசியில் குட்டையன் சுடலைக்கண், "சொல்லும் கோச்சார். எஸ்தாக்கி நமக்காக எத்தன தடவ செத்திருக்கான்" என்றான்.

"செத்தவன்லே நீ" என்றார் கொம்பையா, தழுதழுத்து. ஒன்றும் ஆகவில்லை. சுடலைக்கண் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.

கோபம் இல்லாத சொல் வேலை செய்யாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கொம்பையாவோ கோபத்தை ஒரு மாதமாக மறந்திருந்தார். பையன்கள் பார்த்தார்கள், அவரை உசுப்ப ஆரம்பித்தார்கள்.

"கோச்சார், போன வருசம் ஒம்ம சைக்கிள் சீட்ட எடுத்தது நாந்தான்."

"நீதானா?" என்றார் கொம்பையா, புருவம் லேசாக ஏற.

"நீரு ஆடுன காலத்துல பாட்டு பாடுனா எதிரணி தாலாட்டுன்னு நெனச்சுத் தூங்கிருமாமே, எங்கப்பா சொல்லுவாரு."

"ஒங்கப்பனா சொன்னான்?"

"அந்த இறுதியாட்டத்துல எஸ்தாக்கி செஞ்சது சரிதான். நானா இருந்தாலும் உள்ளதான் போயிருப்பேன். ஒம்ம பேச்ச எவன் கேப்பான்?"

"செத்தவன்லே!" என்று இரண்டு தென்னை தாண்டிக் கேட்கும்படி வெடித்தது அந்தக் குரல். அடுத்தவன், அடுத்தவன், அடுத்தவன். ஏழு பேரும் நெஞ்சு அடங்கிப் போய்ப் பெஞ்சில் வரிசையாக அமர, கொம்பையா கண்ணில் நீரோடும் வாயில் வசவோடும் முதலாளி பக்கம் திரும்பினார். அங்கே யாரும் உசுப்பத் தேவையிருக்கவில்லை.

"சபாஷ் ஓய்!" என்றார் தங்கப்பழம். "இப்படியே நாளைக்கு அந்த நாப்பது..."

கொம்பையாவின் சொல் அவர்மேல் வெடித்தது; முதலாளி வாயில் மிச்சச் சொல் நின்றுவிட்டது. தன் பெயர் எழுதிய பலகையில் தன் பெயரின் மேலேயே போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு பேர். ஒரு மூச்சு இல்லை. கடல்காற்றுகூடச் சற்று நின்றது. கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் தட்டுவதை நிறுத்தியது. திரவியம் வாத்தியார் நடுக்கோட்டில் வந்து நின்று, "லோனா!" என்று சொல்லி விசில் ஊதினார். பெஞ்சிலிருந்து பன்னிரண்டு நெஞ்சுகள் ஒரே நேரத்தில் காற்றை இழுத்தன. முன்வரிசையில் நின்ற பெண்களின் முந்தானைகள் அந்தப் பக்கமாகச் சாய்ந்தன. எஸ்தாக்கி எழுந்தான். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான். தெருவெல்லாம் கிடந்த கோடுகள் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான். கொஞ்சநேரத்தில் அந்தத் திசையிலிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அழட்டும், அழட்டும் என்று கொம்பையா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கப்பழத்துக்கு மூச்சு வந்ததும் முதல் வார்த்தையும் வந்தது: "எம்பேர வெட்டும்! பட்டியல்ல இருந்து எம்பேர இப்பமே வெட்டும்!" வாத்தியார் வெட்டினார். முதலாளி பனியனைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் திரவியம் வாத்தியார் சட்டத்தில் ஒரு வரியையும் விடாத மனிதர். லோனா ஆனால் எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதல். அவர் புள்ளிப் பலகையில் எதிரணிப் பக்கம் சாக்கட்டியை வைத்தார்; எழுதுவதற்கு முன் அங்கே இரண்டு என்று இருந்தது.

"எந்த எதிரணிக்கு?" என்றார் கொம்பையா.

வாத்தியார் சாக்கட்டியைக் கீழே வைத்தார். களத்தின் அடுத்த பாதியைப் பார்த்தார். யாரும் இல்லாத அந்த மணலில் ஏழு ஜோடிக் காலடிகள் அழுந்திக்கொண்டிருந்தன, பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றிக் காத்திருக்கிறவர்களின் காலடிகள்.

"அடுத்துப் பாடிப் போற முறை நம்மளது" என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி. "நாம போகலைன்னா முறை அவங்களுக்குப் போயிரும். அவங்க கோட்டத் தாண்டி இங்க உசிரெடுக்க வருவாங்க."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. உயிர் திரும்பி அங்கே நின்ற பத்துப் பேரும் நடுங்கினார்கள். சுடலைக்கண் மட்டும் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்தான். கொம்பையா அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். செருப்பைக் கழற்றினார். பெஞ்சில் கிடந்த பன்னிரண்டாம் எண் பனியனை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டார். அது இரண்டு ஆள் அளவு இருந்தது.

"வாத்தியாரே, ஒரு எடம் காலியாத்தானே இருக்கு?"

"சட்டப்படி காலி" என்றார் வாத்தியார், பெயரை எழுதிக்கொண்டே. எழுத்து கோணியது.

கொம்பையா குனிந்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். ஊர்க்காற்றையெல்லாம் இழுத்துக்கொள்பவர்போல் ஒரு மூச்சு இழுத்து, கபடி என்ற சொல் அந்தக் கரைக்கு வருவதற்கு முன்னால் பாடிய பழைய பாட்டை, சடுகுடு சடுகுடு என்று, பாடிக்கொண்டு தாண்டினார். குறுக்குக்கோடு வரை அவர் தெரிந்தார். பிறகு உப்பளத்துக் காற்று மணலை வாரி எழுப்பியது. காற்று அடங்கியபோது ஏழு ஜோடிக் காலடிகளும் ஒரு ஜோடிக் காலடியும் மணலில் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டு மட்டும் கேட்டது.

இன்றைக்கும் கேட்கிறது. முப்பது வினாடிக்குமேல் ஒருவன் பாட முடியாது என்பது சட்டம்தான். ஆனால் வாத்தியாரின் கடிகார முள் இருபத்தொன்பதில் நிற்கிறது, பாட்டும் அறுபடவில்லை, அறுபடாத பாட்டுக்கு அவுட் கொடுத்த நடுவர் உலகத்தில் கிடையாது. மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஜெசிந்தா பிள்ளையை அந்தச் சத்தத்தில்தான் தூங்கவைக்கிறாள். முதலாளி மைதானத்தை விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர்கள் நடுக்கோடு வரை வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆடி மாதம் ஒரு காலையில் பலகையில் நம் பக்கம் ஒன்று என்று இருந்தது. ஐப்பசியில் இரண்டு ஆனது. சமம்; ஆள் திரும்பிவிடுவார் என்று ஊர் முழுக்கக் கோட்டருகே கூடி நின்றது. பாட்டு நடுக்கோட்டுக்கு மிக அருகே வந்தது, காலடி அதற்கும் அருகே வந்தது. ஒரு கை நீளத்தில் நின்றது. பிறகு திரும்ப உள்ளே போனது.

"சமத்துக்குத் திரும்புற ஆளா அவரு?" என்றார் வாத்தியார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

எஸ்தாக்கி நாள் தவறாமல், அளத்து வேலை முடிந்ததும் வந்துவிடுகிறான். நடுக்கோட்டில் குப்புறப் படுத்து, கையை எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டி, தனக்குத் திரும்பிவந்த மூச்சு முழுவதையும் சேர்த்துக் கத்துகிறான்:

"கோச்சார்! வீரம் காட்டாதிய! தொட்டாச்சில்லா, திரும்பி வாங்க! அம்புட்டுதான்!"